தகரம் என் பொறுப்பு: மட்டக்களப்பில் தினமும் ஓடும் ஒரு மொரிஸ் மைனர்

காலை ஆறே கால் மணிக்குக் கொட்டிலுக்குள் போய்க் காரில் ஏறுவேன். சாவியைத் திருப்பியதும் ஸ்டார்ட்டர் குமிழை இழுக்க மாட்டேன். கொஞ்சம் பொறுத்துக் கேட்க வேண்டும். இஞ்சினுக்குப் பின்சுவரில் பூட்டியிருக்கும் பெற்றோல் பம்ப் டிக் டிக் டிக் என்று ஏழெட்டுத் தரம் தட்டும். அப்புறம் தட்டுவது மெதுவாகி நின்றுவிடும். காபரேற்றர் கிண்ணம் நிரம்பிவிட்டது, இனி இழுக்கலாம். தட்டுவது நிற்காமல் தொடர்ந்தால் டாங்கியில் பெற்றோல் இல்லை, இல்லாவிட்டால் எங்கேயோ கசிகிறது. ஒரு சத்தமும் வராவிட்டால் பம்புக்குள் மின்சாரத்தைத் தொட்டு விடும் பொயின்ற் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பொனெற்றைத் திறந்து ஸ்பானரின் பின்பக்கத்தால் பம்பின் மேல் மெதுவாக ஒரு தட்டுத் தட்டினால் அது திரும்ப உயிர் பெறும். அப்படித் தட்டி எழுப்பினால் அன்று பின்னேரமே அந்தப் பொயின்றைக் கழற்றித் துடைத்துவிட வேண்டும். நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டால் நடுவழியில் நிற்கும்.

இது 1959ஆம் ஆண்டு மொரிஸ் மைனர், 948 சீசீ இஞ்சின். இலக்கத் தகட்டின் நடுவில் ஸ்ரீ எழுத்து இருக்கிறது. அப்பா எழுபதுகளில் இரண்டாம் கையாக வாங்கியது. 2015இல் அவர் காலமான பிறகு ஒரு வருடம் கொட்டிலில் சும்மா நின்றது. 2016இலிருந்து நான் ஓடுகிறேன். கல்லடியில் வீடு, களுவாஞ்சிகுடிப் பக்கம் பாடசாலை. போக 25 கிலோமீட்டர், வர 25 கிலோமீட்டர். கிழமையில் ஐந்து நாள் இதுதான் என்னுடைய வாகனம். கலியாண வீட்டுக்கும் ஊர்வலத்துக்கும் மட்டும் எடுத்துத் துடைத்து வைக்கும் கார் இல்லை.

கனடாவில் இருக்கும் தம்பி அப்போது சொன்னான், "அக்கா, அதை வித்துப்போட்டு ஒரு சின்ன ஜப்பான் கார் எடுங்க. மிச்சக் காசு நான் போடுறன்." அவன் சொன்னதில் பிழை இல்லை. எனக்குத்தான் மனம் வரவில்லை. அந்தக் காரின் பின் சீற்றில் படுத்துக்கொண்டு காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்குப் போன பிள்ளை நான். ஆனால் பாசம் மட்டும் ஒரு காரை ஓட்டாது. தினமும் ஓடக்கூடியதா என்று முதலில் தெரிய வேண்டும். காத்தான்குடியில் அப்பாவின் காருக்கு வேலை செய்த மெக்கானிக் பாஸிடம் கொண்டுபோனேன். அப்பா அவரைத் தம்பி என்பார், நான் காக்கா, அதாவது அண்ணன், என்பேன். அரை நாள் காருக்குக் கீழே கிடந்து பார்த்துவிட்டு எழும்பி வந்தார்.

"டீச்சர், இஞ்சினுக்கு நான் பொறுப்பு. தகரத்துக்கு நீங்கதான் பொறுப்பு."

அன்று அது எனக்கு முழுதாக விளங்கவில்லை. இப்போது ஒன்பது வருட அனுபவத்தில் சொல்கிறேன், இந்தக் கரையில் பழைய கார் வைத்திருக்கப் போகிற எவருக்கும் முதலில் சொல்ல வேண்டியது இதைத்தான். பழைய கார் என்றால் எல்லாரும் இஞ்சினைப் பற்றித்தான் பயப்படுகிறார்கள். நடுவழியில் நின்றால் என்ன செய்வது, பார்ட்ஸ் கிடைக்குமா என்றுதான் கேட்கிறார்கள். எங்களுக்கு ஒரு பக்கம் கடல், மற்றப் பக்கம் வாவி. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இந்த எழுவான்கரையில் எங்கே நின்றாலும் உப்புக் காற்று வந்து படும். மாரியில் தண்ணீர் கீழேயிருந்தும் வரும். இஞ்சினைக் கழற்றி இரண்டு கிழமையில் புதிதாக்கலாம். உக்கிய தகரத்தை அப்படிச் செய்ய முடியாது.

மைனருக்கு லொறிக்கு இருப்பதுபோலத் தனியான சட்டகம் இல்லை. உடலும் அடித்தளமும் ஒன்றாகவே ஒட்டிச் செய்தது. தரைத் தகடு, கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டி, பின் வில் தகடு தொங்கும் இடம், இவைதான் காரையே தாங்குகின்றன. இவை உக்கினால் வெளியே பெயின்ற் எவ்வளவு பளபளத்தாலும் கார் உள்ளுக்குள் செத்துக்கொண்டிருக்கும். வாங்கப் போகிறவர்கள் பொனெற்றைத் திறந்து பார்க்குமுன் ஒரு பழைய சாக்கை விரித்துக் கீழே படுங்கள். ஒரு ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் அந்தப் பெட்டிகளைத் தட்டிப் பாருங்கள். நல்ல தகரம் கணீரென்று கேட்கும். உக்கியது மட்டையைத் தட்டுவதுபோல மந்தமாகக் கேட்கும். தார் பூசி மறைத்திருந்தால் சந்தேகப்படுங்கள். எங்கள் காரிலும் வலது பக்கப் பெட்டி முழுக்க உக்கியிருந்தது. அதை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்து ஒட்டிய டிங்கரிங் வேலைக்குக் கொடுத்த காசு, இஞ்சினைத் திருத்திய காசைவிடக் கூட.

அதற்குப் பிறகு நான் பழகிக்கொண்ட சில காரியங்கள் இருக்கின்றன. கதவுகளின் அடியிலும் அந்தப் பெட்டிகளின் அடியிலும் தண்ணீர் வடிவதற்குச் சின்னச் சின்ன ஓட்டைகள் வைத்திருக்கிறார்கள். கண்ணாடி வழியாக உள்ளே இறங்கும் மழைத்தண்ணீர் அந்த வழியாகத்தான் போக வேண்டும். ரோட்டு மண்ணும் இலைத்தூளும் சேர்ந்து அதை அடைத்துவிடும். அடைத்தால் கதவுக்குள் தண்ணீர் தேங்கி உள்ளிருந்தே தின்னும். ஐப்பசி பிறந்தவுடன் விளக்குமாற்றிலிருந்து ஒரு ஈர்க்கிலை உருவி எடுத்துக்கொண்டு ஒவ்வொரு ஓட்டையாகக் குத்தி விடுவேன். கம்பியால் குத்தினால் உள்ளே பெயின்ற் கீறுப்பட்டு அந்த இடத்திலேயே துரு தொடங்கும். ஈர்க்கில் வளைந்து போகும், கீறாது. முதல் தரம் செய்தபோது முன் இடது கதவிலிருந்து கறுப்புத் தண்ணீர் அரைப் போத்தல் அளவு ஊற்றியது. அந்தக் கதவு எத்தனை மாரியாக அந்தத் தண்ணீரைச் சுமந்துகொண்டு திரிந்திருக்கும்!

சனிக்கிழமை காலையில் கீழ்ப்பக்கம் கழுவுதல். மேலே கழுவாவிட்டாலும் பரவாயில்லை, கீழே நல்ல தண்ணீர் அடிக்க வேண்டும். மட்காட்டின் உள்விளிம்பில் ஒரு மடிப்பு இருக்கிறது, அங்கே ஈர மண் ஒட்டிக்கொண்டு காயவே காயாது. விரலை விட்டுத் தடவி எடுத்தால்தான் வரும். கரையோரக் கிணறுகளில் தண்ணீர் உவராக இருந்தால் அதால் கழுவுவதும் உப்பைப் பூசுவதுதான். நாங்கள் குழாய்த் தண்ணீர் பாவிக்கிறோம். ரேடியேற்றருக்கும் இதே கதை. கிணற்றுத் தண்ணீரை ஊற்றி ஊற்றித்தான் பழைய இஞ்சின்களின் உள்ளே துருவும் காவியும் படிந்து சூடேறுகிறது. குளிர்விக்கும் திரவத்தைச் சரியான அளவில் கலந்து ஊற்றினால் அந்தத் தலையிடி போய்விடும். ஒழுகினால் நிரப்ப ஒரு போத்தல் காய்ச்சி வடித்த தண்ணீர் காரிலேயே கிடக்கிறது.

இன்னொன்று, பொலித்தீன் உறை. மழையில் நனையக் கூடாதென்று அன்பாக மூடி வைப்பார்கள். கீழே நிலத்திலிருந்து எழும்பும் ஈரம் அதற்குள் அடைபட்டு, வெயில் வந்ததும் வியர்த்து, கார் அவிந்து போகும். அப்பா இறந்த வருடம் நாங்களும் அப்படித்தான் மூடி வைத்தோம். அந்த ஒரு வருடத்தில் வந்த துரு, அதற்கு முன் பத்து வருடத்தில் வந்ததைவிடக் கூடவாக இருக்கும் என்று காக்கா சொன்னார். இப்போது மேலே கூரை, நான்கு பக்கமும் காற்றோட்டம், கீழே சீமெந்துத் தரை. முதலில் கிடுகுக் கொட்டில்தான் போட்டோம். அதில் எலி வந்து வயரைக் கடித்ததால் பிறகு தகரக் கூரையாக மாற்றினேன். புல்லிலும் மணலிலும் நிறுத்தி வைக்காதீர்கள், அவ்வளவுதான்.

பழைய இஞ்சின் ஒயிலைக் கீழே பூசும் வழக்கம் எங்கள் பக்கம் நிறைய உண்டு. நானும் ஒரு வருடம் பூசினேன். துருவைத் தடுக்கிறதுதான். ஆனால் கிளச், ஷொக் அப்சோபர் பக்கத்து றப்பர்களையெல்லாம் அது ஊதவைத்து இளக்கிவிட்டது. கழுவும்போது முற்றத்து மண்ணிலும் இறங்குகிறது. பெட்டிகளின் உட்பக்கத்துக்கு மெழுகு கலந்த துருத்தடுப்பை நீளக் குழாயால் அடிப்பதுதான் சரி. விலை கூடத்தான். இரண்டு மாரிக்கு ஒருமுறை அடித்தால் போதும்.

தண்ணீர் எனக்குக் கற்பித்த பெரிய பாடம் பிறேக்கில் நடந்தது. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் மைனர் வைத்திருக்கும் பலருக்கு இது தெரியவில்லை.

இந்தக் காரில் பிறேக்கின் மாஸ்டர் சிலிண்டர் பொனெற்றுக்குக் கீழே இல்லை. சாரதியின் காலடியில், தரைத் தகட்டுக்குக் கீழே ஓடும் பெட்டிக்குள் இருக்கிறது. பிறேக் எண்ணெய் ஊற்ற வேண்டுமென்றால் விரிப்பைத் தூக்கி, தரையில் இருக்கும் ஒரு சின்ன மூடியைக் கழற்றித்தான் ஊற்ற வேண்டும். ஒரு மார்கழியில் விடாமல் மழை பெய்து, எங்கள் ஒழுங்கைக்குள் முழங்காலுக்குக் கிட்டத் தண்ணீர் நின்றது. பாடசாலையில் பரீட்சை நாள். மெதுவாகப் போனால் போய்விடலாம் என்று இறக்கினேன். போய்ச் சேர்ந்தேன். காலடியில் தண்ணீர் கசிந்திருந்தது, பின்னேரம் துடைத்துவிட்டேன். இஞ்சினுக்கு ஒன்றுமில்லை, கியர் எண்ணெயையும் பின் அச்சின் எண்ணெயையும் திறந்து பார்த்தேன், பால்போல் வெளுக்கவில்லை. எல்லாம் சரி என்று நினைத்துவிட்டேன்.

மூன்று கிழமைக்குப் பிறகு கிரான்குளத்தில் ஒரு மாடு ரோட்டுக்குக் குறுக்கே வந்தது. பிறேக்கை மிதித்தேன். பெடல் எதிர்ப்பே இல்லாமல் அடிவரை போனது. நான்கு சில்லுக்கும் ஒரே எண்ணெய் வழிதான் இந்தக் காரில். ஓரிடத்தில் விட்டால் நான்கிலும் பிறேக் இல்லை. கை பிறேக் மட்டும் கேபிளால் தனியாக வேலை செய்யும். கியரை மூன்றுக்கும் இரண்டுக்கும் இறக்கி, கை பிறேக்கை இழுத்து, மணல் பக்கம் திருப்பி நிறுத்தினேன். மாட்டுக்கும் எனக்கும் ஒன்றும் ஆகவில்லை. கை மட்டும் வெகுநேரம் நடுங்கியது.

காக்கா அந்தச் சிலிண்டரைக் கழற்றிக் கொண்டுவந்து ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் எண்ணெயை ஊற்றிக் காட்டினார். பிளேன்ரீ நிறத்தில் கலங்கியிருந்தது. அடியில் மண்டி. மூடியில் காற்றுப் போகும் துளை வழியாகத் தண்ணீர் இறங்கியிருக்கிறது. பிறேக் எண்ணெய் தண்ணீரை இழுத்துக்கொள்ளும் சுபாவமுள்ளது. அந்தத் தண்ணீர் சிலிண்டரின் உட்சுவரை அரித்து, அரிப்பின் விளிம்பில் றப்பர் கிண்ணம் கிழிந்துவிட்டது.

"தண்ணிக்குள்ள இறக்கினீங்களா டீச்சர்?"

"ஒரு நாள்தான் காக்கா."

"ஒரு நாள் போதும்."

சிலிண்டருக்குள் பித்தளை உறை போட்டுத் தேய்த்தோம். அதோடு, மூடி இருந்த இடத்திலிருந்து ஒரு குழாயை ஏற்றி, எண்ணெய்க் கிண்ணத்தை இஞ்சின் அறையின் மேல் மூலைக்குக் கொண்டுபோனோம். இப்போது பொனெற்றைத் திறந்தால் மட்டம் கண்ணுக்கு முன்னால் தெரியும். மைனரை மழைக்காலத்தில் ஓட்டப்போகும் எவரும் வேறு எதையும் செய்யாவிட்டாலும் இதைச் செய்யுங்கள். பிறேக் எண்ணெயை வருடத்துக்கு ஒருமுறை, மழைக்கு முன், முழுதாக மாற்றுங்கள். தண்ணீரைக் கடந்தால் பெடலை லேசாக மிதித்தபடி கொஞ்சத் தூரம் போனால் டிரம்முக்குள் ஈரம் காய்ந்து பிறேக் திரும்பப் பிடிக்கும். தண்ணீர் சில்லின் நடுக்குடத்தைத் தொடும் என்று தெரிந்தால் இறக்கவே வேண்டாம். அன்றைக்கு பஸ்தான். இப்போது அந்த ஒழுங்கையில் ஒரு மதிலில் நான் அடையாளம் வைத்திருக்கிறேன். தண்ணீர் அந்தக் கோட்டைத் தொட்டால் கார் வெளியே வராது.

சரி, ஓடுவது எப்படி? எங்கள் ஊருக்கு இது நன்றாகவே பொருந்துகிறது. கல்லடியிலிருந்து களுவாஞ்சிகுடி வரை ஒரு மேடு இல்லை. 948 சீசீ இஞ்சினின் சக்தி 37 குதிரைவலுதான், ஆனால் தட்டையான ரோட்டில் 55, 60 கிலோமீட்டர் வேகத்தில் போக அது தாராளம். அதற்கு மேல் போக எனக்கும் அவசரமில்லை. காத்தான்குடியில் பேரீச்சை மரங்களுக்கு நடுவே சன நெரிசலில் ஊர்ந்து, ஆரையம்பதி தாண்டி, களுதாவளையில் வெற்றிலைக் கொடிகளைப் பார்த்துக்கொண்டு போகும் ரோடு அது. ஸ்டேரிங் பாரமில்லை, இந்தச் சின்ன வயதிலேயே என் மகளால் திருப்ப முடிகிறது. இந்தக் காரை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ்தான் பிறகு மினியையும் வடிவமைத்தவர். 1948இல் மைனர் வெளிவருவதற்குச் சற்று முன், மாதிரிக் கார் ஒடுங்கிப் போனது போலத் தெரிகிறதென்று அதை நெடுக்காக இரண்டாக வெட்டி, நகர்த்தி வைத்துப் பார்த்து, நான்கு அங்குலம் அகலமாக்கினாராம். பொனெற்றின் நடுவில் ஓடும் அந்தத் தட்டையான பட்டை அதனால் வந்தது. நாங்கள் நாலு பேர் நெருக்கமில்லாமல் இருந்து போகும்போதெல்லாம் அந்த நான்கு அங்குலத்துக்கு நான் நன்றி சொல்வதுண்டு.

கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் ஏசி இல்லாமல் எப்படி என்று கேட்பார்கள். முன் கதவுக் கண்ணாடியின் மூலையில் ஒரு சின்ன முக்கோணக் கண்ணாடி இருக்கிறது. அதைப் பாதிக்கு மேல் திருப்பி விட்டால் ஓடும் காற்றைப் பிடித்து நேரே நெஞ்சில் அடிக்கும். நின்றால்தான் வேகும். பின்னேரம் இரண்டு மணிக்கு வெயிலில் நின்ற காரை ஸ்டார்ட் பண்ணினால் சில நாள் பிடிக்காது. பம்பும் குழாயும் சூடாகி உள்ளே பெற்றோல் ஆவியாகியிருக்கும். பொனெற்றைத் திறந்து வைத்து, பம்பின் மேல் ஒரு ஈரத் துணியைப் போட்டு, பத்து நிமிடம் மர நிழலில் நின்றால் போதும். இப்போது குழாயைச் சூடான இடத்திலிருந்து விலக்கிக் கட்டி, பம்புக்கு ஒரு தகட்டு மறைப்பும் வைத்தபிறகு அந்தத் தொல்லை அபூர்வம்.

முன் சில்லைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். முன் சில்லைத் தாங்கும் அச்சு, மேலும் கீழும் ஒரு திருகுப் பிடிக்குள் சுழல்கிறது. அதற்குக் கிறீஸ் நிப்பிள் இருக்கிறது. ஆயிரம் மைலுக்கு ஒருமுறை, பழையது வெளியே பிதுங்கும்வரை கிறீஸ் அடிக்க வேண்டும். நான் மாதமொருமுறை அடிக்கிறேன். அடிக்காமல் விட்டால் திருகு தேய்ந்து, ஒரு நாள் பிடி கழன்று சில்லு வெளிப்பக்கமாக மடிந்து கார் மூக்கால் விழும். ஜக்கில் ஏற்றி, சில்லின் மேலையும் கீழையும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். லொட லொடவென்றால் அன்றைக்கே கழற்றுங்கள். சேர்விஸ் நிலையங்களில் இந்த நிப்பிள்களைத் தெரிந்தவர்கள் இப்போது குறைவு. நானே கிறீஸ் துப்பாக்கி ஒன்று வாங்கிவிட்டேன்.

நான் மாற்றியவையும் மாற்றாதவையும் உண்டு. அந்தக் காலத்தில் திரும்புவதற்குக் கதவுத் தூணிலிருந்து ஒரு சின்னக் கை வெளியே எழும்பும். என் மகளுக்கு உயிர் அது. ஆனால் பின்னால் வரும் ஓட்டோக்காரருக்கும் பஸ்காரருக்கும் அந்தக் கை கண்ணில் படுவதில்லை. அதை அப்படியே வைத்துக்கொண்டு, முன்னும் பின்னும் செம்மஞ்சள் சிக்னல் லைட் போட்டேன். முன் சீற்றுக்கு பெல்ட் போட்டேன், தரையில் தகடு வைத்துப் பலப்படுத்திய பிறகுதான். பற்றறியின் நேர்முனை உடலோடு இணைந்த பழைய முறையை எதிர்முனைக்கு மாற்றினோம். இல்லாவிட்டால் போன் சார்ஜரின் வெளி உலோகம் உடலில் தொட்டாலே ஷோர்ட்டாகும். பிளக்குக்குப் பொறி கொடுக்கும் பொயின்றையும் கண்டென்சரையும் மட்டும் மாற்றவில்லை. மின்னணு முறை நல்லதுதான், ஆனால் அது போனால் ரோட்டில் ஒன்றும் செய்ய முடியாது. பொயின்றை எந்த வயதான பாஸும் அரைத்துத் தருவார். புதுக் கண்டென்சர்களை நான் நம்புவதில்லை. ஓடிப் பழகிய ஒரு பழையதைத் தாளில் சுற்றி டாஷ்போட் தட்டில் வைத்திருக்கிறேன். கூடவே ஒரு ஃபான் பெல்ட், றோட்டர், ஒரு பிளக், 35 அம்பியர் ஃபியூஸ் இரண்டு.

இலங்கையில் 2002இல் ஈயம் கலந்த பெற்றோலை நிறுத்தினார்கள். இந்த இஞ்சினின் வால்வு இருக்கைகளை ஈயம்தான் காப்பாற்றிக்கொண்டிருந்தது. அப்பா அதைப் பெரிதாக எடுக்கவில்லை. நான் ஓடத் தொடங்கியபோது வால்வைத் தட்டித் திறக்கும் டப்பெற்றின் இடைவெளி அடிக்கடி குறைந்துகொண்டே போனது. வால்வு உள்ளே இறங்குவதன் அடையாளம் அது. ஹெட்டைக் கழற்றி எக்ஸோஸ்ட் பக்கத்துக்குக் கடினமான இருக்கை வளையங்கள் போட்ட பிறகு எந்தப் பெற்றோலும் ஓடுகிறது.

புகைப் பரிசோதனையில் முதல் வருடம் தேறவில்லை. காபனோரொட்சைட்டு கூட. பரிசோதனை இல்லாமல் வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்க முடியாது. அப்போதுதான் காபரேற்றரைப் படித்தேன். இஞ்சின் சூடாகி மெதுவாக ஓடும்போது உள்ளே இருக்கும் பிஸ்டனை ஸ்க்ரூ டிரைவர் நுனியால் ஒரு துளி உயர்த்த வேண்டும். வேகம் கூடி அப்படியே நின்றால் பெற்றோல் அதிகம். இஞ்சின் திணறி நிற்கப் பார்த்தால் குறைவு. ஒரு கணம் லேசாக ஏறி அடங்கினால் சரி. கீழே இருக்கும் நட்டைக் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பித் திருப்பி அந்த இடத்தைப் பிடிக்க ஒரு முழுச் சனிக்கிழமை எடுத்தது. பிளக் பிஸ்கட் நிறத்துக்கு வந்தது. அடுத்த முறை தேறியதோடு, லீற்றருக்கு 11 கிலோமீட்டர் ஓடியது 13 ஆனது.

அந்த இரண்டு கிலோமீட்டரின் பெறுமதி 2022இல் எரிபொருள் தட்டுப்பாடு வந்தபோது தெரிந்தது. ஜூன் மாதம் பெற்றோல் 470 ரூபாய். அதற்கு முன் வரிசையில் இரண்டு நாள் காரை விட்டுவிட்டுக் காவல் இருந்தோம். ஜூலையில் கியூஆர் குறியீட்டைக் காட்டிப் பங்கீட்டில் பெற்றோல் அடிக்கும் முறை வந்தபோது காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர். எனக்குப் பாடசாலைக்கு மட்டும் 250 கிலோமீட்டர், அதற்கு 19 லீற்றர் கணக்குச் சரியாக வந்தது. பதிவு செய்ய செஸி இலக்கம் கேட்டார்கள். இஞ்சின் அறைச் சுவரில் இருந்த தகட்டின் மேல் மூன்று தரம் பெயின்ற் அடித்திருந்தது. மண்ணெண்ணெய்த் துணியால் தேய்த்துத் தேய்த்து இலக்கங்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்ததை அம்மாவும் நானும் டோர்ச் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அந்த வருடம்தான் பற்றறியும் செத்தது. புதியதன் விலையைக் கேட்டு இரண்டு மாதம் தள்ளிப்போட்டேன். இந்தக் காரை முன்னாலிருந்து கைபிடியால் சுற்றி ஸ்டார்ட் பண்ணலாம். அப்பா எனக்குப் பதினாறு வயதில் சொல்லித் தந்தது அது. பெருவிரலைக் கம்பியைச் சுற்றி மடித்துப் பிடிக்கக் கூடாது, மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வைக்க வேண்டும். இஞ்சின் திரும்பி உதைத்தால் கம்பி கையிலிருந்து கழன்று போகும், விரலை முறிக்காது. கீழிருந்து மேலே இழுக்க வேண்டும், மேலிருந்து கீழே அமுக்கக் கூடாது. நியூட்ரலில் இருக்கிறதா, கை பிறேக் இழுத்திருக்கிறதா என்று இரண்டு தரம் பார்க்க வேண்டும். டியூனிங் சரியாக இருந்தால் இரண்டாவது இழுப்பில் பிடிக்கும். அந்த இரண்டு மாதமும் ஒரு நாள்கூடப் பாடசாலைக்குப் பிந்தவில்லை.

பார்ட்ஸ் கிடைக்குமா என்பதற்குப் பதில், கிடைக்கும். இதே இஞ்சின் குடும்பம் ஒஸ்டினிலும் மினியிலும் இருப்பதால் கொழும்பு பஞ்சிகாவத்தையின் பழைய பார்ட்ஸ் கடைகளில் தேடினால் பெரும்பாலும் ஏதாவது பொருந்தும். மைனர் 16 இலட்சத்துக்கு மேல் செய்யப்பட்ட கார் என்பதால் இங்கிலாந்தில் இன்றும் புதிதாகச் செய்கிறார்கள். தம்பி வரும்போது றப்பர் சாமான்களை அவன் பெட்டியில் கொண்டுவருவான். ஆனால் பார்ட்ஸைவிட ஆள்தான் முக்கியம். காக்காவுக்கு வயது எழுபதைத் தாண்டுகிறது. அவரிடம் வேலை பழகும் பொடியன் காபரேற்றரைக் கழற்றும்போது நான் பக்கத்தில் நின்று பார்க்கிறேன், கேட்கிறேன், கொப்பியில் எழுதிக்கொள்கிறேன். எந்த நட்டுக்கு எந்தச் சாவி, எப்போது என்ன மாற்றினோம், எவ்வளவு ஓடியது எல்லாம் அதில் இருக்கிறது. பழைய கார் வாங்குவதற்கு முன், அதைத் திருத்தத் தெரிந்த ஒருவர் உங்கள் வீட்டிலிருந்து அரை மணி நேரத்துக்குள் இருக்கிறாரா என்று பாருங்கள். இல்லையென்றால் வாங்க வேண்டாம் என்றே சொல்வேன்.

இன்னொரு வழியும் கையில் இருக்க வேண்டும். எனக்குக் கல்முனை பஸ் இருக்கிறது, வீட்டு வாசலிலிருந்து ஐந்து நிமிட நடை. வருடத்தில் பத்துப் பன்னிரண்டு நாள் கார் கராஜில் நிற்கும். அதில் முக்கால்வாசி நானே தேதி வைத்து அனுப்பும் நாட்கள்.

இப்போதும் அங்கேதான் நிற்கிறது. போன சனிக்கிழமை கழுவும்போது பின் இடது வில் தகடு தொங்கும் இடத்தில் பெயின்ற் கொப்பளித்திருப்பது விரலில் தட்டுப்பட்டது. ஒரு ரூபாய்க் குற்றி அளவு. நகத்தால் சுரண்டினேன், செதிலாக உதிர்ந்தது. அன்றைக்கே காக்காவிடம் கொண்டுபோனேன். சுரண்டிப் பார்த்துவிட்டு, உள் தகடு இன்னும் உரமாக இருக்கிறது, வெளித் தகட்டில் ஒரு துண்டு வெட்டி ஒட்டினால் போதும் என்றார். மழை தொடங்க இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. ஒட்டி, பெயின்ற் காய்ந்து, மெழுகும் அடித்து வியாழக்கிழமை தருவதாகச் சொல்லியிருக்கிறார். அதுவரை ஆறரை மணி பஸ்.